மிளகாய் நெடி வராத வீடு

இந்த இழுப்பு எப்போது ஆரம்பித்தது?

என் மகளை எந்த மருத்துவரிடம் கூட்டிப் போனாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார். அவள் சட்டையைத் தூக்கி முதுகில் குழாயை வைத்து, "மூச்சை நல்லா இழு" என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்கிறார். நான் ஒரு சமயம் "பிறந்த வருஷம் மழைக்காலத்தில்" என்று சொல்லியிருக்கிறேன். இன்னொரு சமயம் "நடக்கப் பழகின பிறகு" என்றேன். இரண்டும் பொய்யில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது. முதல் பல் எந்தப் பக்கம் முளைத்தது என்று தெரியும். முதல் வார்த்தை "காக்கா" என்பது தெரியும். முதன்முதலில் அவள் மூச்சுக்குத் திணறியது எந்த நாளில் என்பது மட்டும் தெரியவில்லை. அதைக்கூடக் கவனிக்காமல் என்ன தாய் என்று அவர்கள் நினைப்பார்களோ என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். ஆனால் நாங்கள் இருந்த வீட்டில், காற்றில் எது பழையது, எது புதியது என்று பிரித்துச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

நான் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். திருவொற்றியூரில், விம்கோ நகர் ஸ்டேஷனுக்கு மேற்கே, கால்வாயில் போய் முடிகிற ஒரு தெருவுக்குக் கல்யாணமாகி வந்தேன். அந்தத் தெருவில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூக்கால் சொல்வார்கள். கருவாட்டு வாசனை வந்தால் கடல் காற்று. வடக்கே எண்ணூர்ப் பக்கமிருந்து அடித்தால் கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கரி படியும். சில காலைகளில் காரணமே தெரியாமல் கண் எரியும். "கேஸ் விட்டுட்டான்" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் அவரவர் தோசையைத் திருப்பப் போய்விடுவார்கள். யார் விட்டது, எதற்கு விட்டது என்று யாரும் கேட்டதில்லை. வந்த புதிதில் நான் கேட்டேன். "புதுப்பொண்ணு இல்ல, அதான் கேக்குது" என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

என் கணவருக்குக் கம்ப்யூட்டர் தொழில். பாகங்களை வாங்கி வந்து பூட்டி விற்பார், பழுது பார்ப்பார். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுவிடும் என்று ஊரே பயந்தபோது, துறைமுகத்தைச் சுற்றியிருந்த சிறிய சரக்கு ஆபீஸ்கள் பழையதைத் தூக்கிப் போட்டுப் புதியது வாங்கின. அந்தச் சமயத்தில்தான் தொழிலில் அவர் காலூன்றினார். கல்யாணத்துக்குப் பிறகு நான் சாயங்காலங்களில் அதே அறையில் தெருப் பெண்களுக்கு டைப்பிங்கும் எம்.எஸ். ஆபீஸும் சொல்லிக்கொடுத்தேன். அதனால் தெருவில் எனக்கு டீச்சரம்மா என்று பெயர்.

அந்த அறைக்குள் வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகும் என்று நான் படித்த இடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பூஜை அறைக்குப் போவதுபோல் பெண்கள் காலைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் துணி உறை போட்டு மூடுவேன். ரயில்வே பட்டறையில் புகையோடும் எண்ணெயோடும் ஆயுள் முழுக்க நின்ற என் அப்பா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குச் சுத்தமான தொழில்மா. ஒரு பொட்டுப் புகை உண்டா பாரு" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது.

புகை எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அப்போது அதை நான் எங்கள் தொழிலோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

வீட்டின் பின்சுவரை ஒட்டி, கால்வாய்க் கரையில் தகரம் போட்ட ஒரு காயலாங்கடை இருந்தது. முதலில் இரும்பும் பிளாஸ்டிக்கும்தான் எடுத்தார்கள். பிறகு மெல்ல மெல்ல அது கம்ப்யூட்டர் காயலாங்கடை ஆகிவிட்டது. துறைமுகத்தில் ஏலம் எடுத்த பழைய பெட்டிகள் டெம்போவில் வந்து இறங்கும். ஊருக்குள் இருக்கும் ஆபீஸ்களிலிருந்தும் வரும். என் கணவர் கடையில் உயிர் போனவையும் அங்கேதான் போகும். மானிட்டரைச் சுத்தியலால் உடைத்து, உள்ளே சுற்றியிருக்கும் செம்புச் சுருளை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைக் கால்வாயில் தள்ளுவார்கள். பச்சை போர்டுகளை அடுப்பில் வாட்டி ஈயத்தை உருக்கி, மேலே ஒட்டியிருப்பதையெல்லாம் பிடுங்குவார்கள். ஒயர்களைக் குவித்துக் கொளுத்தினால் மேலே இருக்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரிந்து செம்பு மட்டும் மிஞ்சும். அதை விடியற்காலையில்தான் செய்வார்கள். அந்த நேரத்தில் காற்று கால்வாய்ப் பக்கமிருந்து கடலை நோக்கிப் போகும். நடுவில் எங்கள் வீடு.

அந்தக் கடையை ஒரு தம்பதி நடத்தினார்கள். புளியந்தோப்புப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த அக்காவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அவருக்கும் என் மகள் வயதில் ஒரு பெண் குழந்தை. தகரக் கூரையின் கம்பியில் சேலையைக் கட்டித் தூளி போட்டு, அதில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து ஒயர் வெட்டிக்கொண்டிருப்பார். நான் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அந்தத் தூளியைப் பார்ப்பேன். சுற்றிலும் உடைந்த மானிட்டர்கள். அந்தக் குழந்தை எப்படித் தூங்குகிறது என்று கவலையோடு நின்று பார்ப்பேன். கீழே போனால் என் குழந்தையும் அதேபோல் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கிக்கொண்டிருப்பாள்.

என் மகளுக்கு இருமல் விடாமல் வர ஆரம்பித்தபோது என் மாமியார் அதைக் கண்ணேறு என்றார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மளிகைக் கடை வைக்க வந்த குடும்பம். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் குழந்தையைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, காய்ந்த மிளகாய், கல் உப்பு, கடுகு, முச்சந்தி மண் எல்லாம் சேர்த்துத் தலையைச் சுற்றி, பின்வாசலில் எரிகிற தேங்காய்ச் சிரட்டையில் போடுவார். மிளகாய் எரிந்தால் வீடே தும்மி இரும வேண்டும். நெடி வந்தால் கண்ணேறு இல்லை. வரவில்லையென்றால் யாரோ கண் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நெடி வரவில்லை. மிளகாய் கருகிச் சாம்பலானது. யாரும் தும்மக்கூட இல்லை.

"பாத்தியாட்டி? ஒரு தும்மல் உண்டா? எத்தன மொளகா போட்டேன்!" என்றார் அத்தை. பிறகு பின்சுவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கொள்ளிக்கண்ணுல்லா பக்கத்துலயே குடியிருக்கு. புள்ள எப்படித் தாங்கும்?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழுந்தது. அந்த அக்காதான். கையில் ஒரு பழைய தாம்பாளம், அதில் எரிந்து கருத்த மிளகாய்.

"யாரைச் சொல்ற பெரீம்மா?"

"சொல்லுதவளுக்கும் தெரியும், கேக்குதவளுக்கும் தெரியும்."

"தோ பாரு. எம் பொண்ணுக்கும்தான் ஒரே இருமலு, நெஞ்சு இஸ்துகினு கீது. நானும் இப்பதான் சுத்திப் போட்டேன். எனக்கும் நெடி வரல. உம் மருமவ தெனம் மாடி மேல நின்னுகினு எங்கொயந்தய முயுங்கற மாதிரி பாக்குது. நான் எதுனா கேட்டனா? டீச்சரம்மாவாச்சேன்னு வாய மூடிக்கினு கீறேன்."

"ஏட்டி, நீ எதுக்கு அந்தப் புள்ளயப் போயிப் பாக்க?" என்று அத்தை என் பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண் போட்டதாகப் பார்த்தால் நானும் குற்றவாளிதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர். இரண்டு பக்கமும் மிளகாய் எரிகிறது, இரண்டு பக்கமும் நெடி இல்லை, இரண்டு பக்கமும் மற்றவரின் கண்ணைத் தேடுகிறோம். அதன் பிறகு சில வாரங்கள் அந்த அக்கா என்னைக் கண்டால் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொள்வார். அத்தை என் மகளின் கன்னத்தில் வைக்கிற மைப்பொட்டு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது.

அந்த வருஷம் பள்ளி விடுமுறைச் சமயத்தில் நான் குழந்தையோடு பெரம்பூரில் அம்மா வீட்டுக்குப் போனேன். போன இரண்டாம் நாளே இருமல் குறைந்தது. அதை நான் ஒன்றுமாக எடுத்துக்கொள்ளவில்லை, அம்மாவின் தூதுவளைக் கஷாயம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அம்மா, "அங்கதான் உன் அத்தை சுத்திப் போடுறாங்களாமே, நானும் ஒரு தடவை போடுறேன்" என்று அடுப்பில் இரும்புக் கரண்டியை வைத்து மிளகாயைப் போட்டாள்.

வீடு கலங்கிவிட்டது. அப்பா செய்தித்தாளோடு வாசலுக்கு ஓடினார். மாடிப்படியில் யாரோ தும்மினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடி, கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்லா இருக்கு" என்று சிரித்தாள். என் மகளும் தும்மிவிட்டுச் சிரித்தாள். நான் மட்டும் அடுப்பங்கரையிலேயே நின்றுகொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மிளகாய் இவ்வளவு காரமாக எரியும் என்பதை எப்போது மறந்துபோனேன் என்று யோசித்தேன்.

திருவொற்றியூரில் நெடி வராததற்கு யாருடைய கண்ணும் காரணமில்லை. அந்த வீட்டில் எங்கள் மூக்கும் தொண்டையும் ஏற்கெனவே மரத்துப்போயிருந்தன. அப்படித்தான் அன்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் எதையும் ஒரே முடிவாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை. அம்மா மந்தமான சூட்டில் மிளகாயைப் போட்டாள். அத்தை கொழுந்துவிட்டு எரியும் சிரட்டையில் போடுவார். நெருப்பு அதிகமானால் காரம் முழுக்க எரிந்துபோய் நெடி வராமல் இருக்கலாம். மிளகாய்கூட நமுத்த மிளகாயாக இருந்திருக்கலாம். இப்படி எனக்குள் நானே எதிர்வாதம் செய்துகொண்டேன். குழந்தை மட்டும் வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். அதற்கு எதிர்வாதம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

திருவொற்றியூருக்குத் திரும்பி வந்ததும் கணவரிடம் சொன்னேன். "ஏங்க, பின்னால எரிக்கிற புகைதாங்க பாப்பாவுக்கு ஒத்துக்கல. நம்ம மானிட்டரையாவது அவங்களுக்குக் குடுக்காம இருக்கலாமே."

அவர் ஒரு கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்துவைத்து பிரஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். "குடுக்காம எங்க வைக்கிறது? பரண்லயா? நாம குடுக்கறது ஒரு கைப்பிடி அளவுதான். ஹார்பர்ல இருந்து வண்டி வண்டியா வருதே, அதை என்ன பண்ணுவே?"

"எரிக்காத இடம் ஏதாவது இருக்குமா?"

"விசாரிக்கிறேன்" என்றார். விசாரித்தார். தூரத்தில் ஒரு வியாபாரி முழுதாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சந்தோஷமாகக் கொடுத்தோம். அடுத்த வாரம் அதே மானிட்டர், நான் பேனாவால் பெயர் எழுதி ஒட்டியிருந்த அதே மானிட்டர், பின்சுவருக்கு அந்தப் பக்கம் குவியலில் கிடந்தது. அந்த வியாபாரி இவர்களிடமே விற்றிருக்கிறார். கணவர் மாடியிலிருந்து அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அதன் பிறகுதான் நான் அந்த அக்காவிடம் நேராகப் பேசப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று மாடியில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். போனதும் எல்லாம் மறந்துபோனது.

"அக்கா, சண்டை போட வரல. இந்தப் புகை பாப்பாவுக்கு ஆகல. உங்க பாப்பாவுக்கும் ஆகாதுக்கா."

அவர் வெட்டிக்கொண்டிருந்த ஒயரைக் கீழே வைக்கவில்லை. "எனக்குத் தெரியாதா டீச்சரம்மா? நான்தான அதுக்குப் பக்கத்துல குந்திக்கினு கீறேன். உன் வூட்டுக்காரரு குடுக்கறாரு, நாங்க எரிக்கிறோம். நீ புது கம்பூட்டரு வாங்காதன்னு ஊருக்குச் சொல்லு, நான் எரிக்காம வுட்டுர்றேன்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சரி, அயுவாத. இன்னா இப்ப, நீ உங்கண்ணு, எங்கண்ணுன்னு சொல்லாம பொகைன்னு சொன்னியே, அதுவே பெரிய விசயம். அந்தப் பெரீம்மா வாய்க்கு நான் பதில் சொல்ல முடியாது."

அன்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டானது. யார் சொன்னது என்று நினைவில்லை. எரிப்பதற்கு முன்னால் அவர் தன் மகளைத் தூக்கி வந்து சுவருக்கு மேலாக என்னிடம் கொடுப்பார். பிறகு தகரத்தில் கம்பியால் தட்டி, "டீச்சரம்மா, ஜன்னலச் சாத்து!" என்று குரல் கொடுப்பார். நான் எல்லா ஜன்னலையும் சாத்தி, கதவு இடுக்கில் ஈரத்துணி சொருகி, இரண்டு பிள்ளைகளையும் கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைப்பேன். தூசி வராமல் இருக்க நாங்கள் அடைத்துவைத்திருந்த அறை அது ஒன்றுதான். கழற்றிப்போட்ட பழைய கீபோர்டின் எழுத்துகளைத் தரையில் கொட்டி இருவரும் விளையாடுவார்கள். அந்த அக்காவின் மகள் எல்லா எழுத்தையும் வரிசையாக அடுக்குவாள். என் மகள் கலைப்பாள். இரண்டு மூச்சும் ஒரே மாதிரி மெல்ல விசிலடிக்கும். புகை அடங்கியதும் சுவருக்கு மேலாகக் குழந்தையைத் திருப்பிக் கொடுப்பேன். அத்தை முதலில் முணுமுணுத்தார். பிறகு அந்தக் குழந்தைக்கும் ஒரு டம்ளர் பால் ஆற்றிவைக்க ஆரம்பித்தார். சொல்லிக்கொள்ளமாட்டார், டம்ளர் மட்டும் மேசையில் இருக்கும்.

இதெல்லாம் எவ்வளவு பலன் தந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஈரத்துணியால் புகையை நிறுத்த முடியுமா? கீபோர்டு எழுத்துகளைப் பிள்ளைகள் வாயில் வைத்திருக்கலாம், நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். எதையோ செய்கிறோம் என்ற நிம்மதி எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

பிறகு தட்டையான மானிட்டர்கள் வந்தன. ஆபீஸ்கள், பள்ளிகள், பிரவுசிங் சென்டர்கள் எல்லாம் பெரிய பெட்டிகளைத் தள்ளிவிட்டுத் தட்டையானதை வாங்கின. எங்கள் கடையில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. கணவர் சாப்பிட உள்ளே வர நேரமில்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்டார். மாடிக்குப் போய்ப் பார்த்தால் கால்வாய்க் கரை முழுவதும் மானிட்டர்கள் முகம் குப்புறக் கிடந்தன. தினமும் தகரம் தட்டும் சத்தம் கேட்டது. சில நாள் காலையிலும் மாலையிலும் கேட்டது. எங்களுக்கு நல்ல காலம் வந்தபோதுதான் அந்தப் புகை மிக மோசமாக இருந்தது. வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் என் மகளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. அதற்கு முன்னால் வந்ததுபோல் இல்லை. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கணவர் ஊரில் இல்லை. நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். பெரிய ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றின்பின் ஒன்றாக அசையாமல் நின்றன. ஆட்டோ உள்ளே வரவே முடியாது. நான் நடுத்தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, அத்தை பிறகு சொன்னார்.

அந்த அக்காவின் கணவர் மீன்பாடி வண்டியில் மானிட்டர்களை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மூன்று சக்கரத்துக்கு மோட்டார் பொருத்திய அந்த வண்டி எந்தச் சந்திலும் நுழையும். என்னைப் பார்த்ததும் எல்லா மானிட்டரையும் அப்படியே தெருவில் சரித்துக் கொட்டினார். உடைகிற சத்தத்துக்குத் தெருவே வெளியில் வந்தது. "ஏறும்மா!" என்றார். அந்த அக்கா தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்து என்னோடு பலகையில் ஏறிக்கொண்டார். லாரிகளுக்கு நடுவில், சக்கரங்களை உரசிக்கொண்டு, நடைபாதை மேலெல்லாம் ஏறி வண்டி போனது. "வழி வுடுய்யா! கொயந்த! கொயந்த!" என்று அந்த அக்கா வழிநெடுகக் கத்திக்கொண்டே வந்தார். ஒரு கையால் என் மகளின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கை முழுக்கக் கரி.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்தார்கள். மருந்து உள்ளே போகப் போக உதட்டின் நிறம் திரும்பியது. மருத்துவர் அப்போதும் அதே கேள்வியைக் கேட்டார். நான் வழக்கம்போல் தடுமாறினேன்.

"வீட்டுப் பக்கத்துல ஏதாவது எரிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அந்த அக்கா சொன்னார். "நாங்கதான் சாரே எரிக்கிறோம்."

மருத்துவர் அவரையும், இடுப்பில் இருந்த குழந்தையையும் பார்த்தார். அந்தக் குழந்தையின் சட்டையையும் தூக்கி முதுகில் குழாயை வைத்தார். "இவளுக்கும் மாஸ்க் வைக்கணும்" என்று நர்ஸிடம் சொன்னார். பிறகு அந்த அக்காவிடம், "எரிக்காதீங்கம்மா" என்றார்.

"சரி சாரே" என்றார் அவர்.

வேறு என்ன சொல்ல முடியும்? இரண்டு பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் முகத்தில் மாஸ்க்கோடு உட்கார்ந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. என் மகள் மாஸ்க்குக்குள்ளிருந்து காக்கா மாதிரிக் கத்திக் காட்டினாள். அந்த அக்காவின் மகள் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் திட்டினார்.

அந்த மாதமே அத்தையையும் கூட்டிக்கொண்டு நாங்கள் பெரம்பூருக்கு மாறிவிட்டோம். அப்பா வீட்டு மாடிப் பகுதி காலியாக இருந்தது. கணவர் தினமும் பஸ்ஸில் கடைக்குப் போய்வந்தார். சாமான் ஏற்றும்போது அந்த அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "போறியா? போ, போ. புள்ள நல்லா இருக்கட்டும். இனிமே ஜன்னலச் சாத்துன்னு நான் யாரப் பாத்துக் கத்தறது? காக்காயப் பாத்தா?" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை. "டீச்சரம்மாவுக்குக் கண்ணுல குழாய் போட்டு வச்சிருக்குது" என்று கணவரிடம் கேலி செய்தார்.

என் மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். பையில் டிபன் டப்பாவோடு மருந்து அடிக்கும் பஃப்பும் இருக்கிறது. பனிக்காலத்தில் மட்டும் சிரமப்படுகிறாள். முழுதாகச் சரியாகிவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஓடுகிறாள், வாயை மூடித் தூங்குகிறாள்.

போன வாரம் அந்த அக்கா வீடு தேடி வந்தார். மீண்டும் கர்ப்பமாக இருக்கிறார். கூடவே மகள். என் மகளைவிட ஒரு சாண் குட்டையாக இருக்கிறாள். படி ஏறி வந்தவள் பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடை இப்போது கால்வாய்க் கரையிலேயே இன்னும் உள்ளே தள்ளிப் போய்விட்டதாம். செல்போன்களும் வருகின்றனவாம், மூட்டை மூட்டையாக.

காபி குடித்து முடிக்கிறவரை அவர் ஊர்க்கதை பேசினார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளைக் காட்டிச் சொன்னார்.

"டீச்சரம்மா, இத்த உன் வூட்ல வச்சிக்கிறியா? ஒரேயடியா இல்ல. கொஞ்ச வருசம். நெஞ்சு தேறுற வரைக்கும். உம் பொண்ணோட இஸ்கூலுக்குப் போவட்டும். ஞாயித்துக்கெயம நான் வந்து பாத்துக்கினு போறேன். புளியந்தோப்புல எங்காயா கீது, ஆனா அங்க ஒரே ரூமு, அடுப்பு அதுலயே. உன்ன வுட்டா கேக்க எனக்கு ஆளில்ல."

"அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேங்கா" என்றேன். அவர், "கேளு, கேளு. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். அவள் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கியதைப் பார்த்தபோது, அவசரமில்லை என்று அவர் சொன்னது எனக்காகத்தான் என்று புரிந்தது.

அத்தை, "நம்ம புள்ளைக்கு முடியாமப் போனா ரெண்டு பேரு ஓடுதோம். ரெண்டுக்கும் ஒண்ணா முடியாமப் போனா?" என்கிறார். அந்தக் குழந்தைக்குப் பால் ஆற்றிவைத்தவர்தான். கணவர், "அந்தக் கரையில இன்னும் எத்தனை பிள்ளைங்க இருக்கு, ஒண்ணை மட்டும் தூக்கிட்டு வந்துட்டா நம்ம மனசு ஆறிடுமா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கடைக்குப் போய்விடுகிறார். அவர் கடையிலிருந்து இன்றும் பழையவை எங்கோ போகின்றன. எங்கே என்று நான் கேட்பதில்லை.

எனக்குள் இருக்கிற பயங்களையும் சொல்லிவிடுகிறேன். என் பொறுப்பில் இருக்கும்போது அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் அவள் தாய்க்கு என்ன பதில் சொல்வேன்? மூச்சு சீராவதற்காக ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவைப்பது சரியா? புதிதாகப் பிறக்கப்போகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அங்கே எரித்துக்கொண்டிருக்க, மூத்தவள் இங்கே என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளை என்ன நினைத்து வளரும்? மாட்டேன் என்று சொன்னால், அன்று தெருவில் சரிந்து உடைந்த மானிட்டர்களின் சத்தம் எனக்குக் கேட்காமல் இருக்குமா? உறவினர் வீட்டில் பிள்ளையை விட்டு வளர்த்தவர்கள், அப்படி வளர்ந்தவர்கள், இழுப்பு உள்ள இரண்டு பிள்ளைகளை ஒரே வீட்டில் வைத்துச் சமாளித்தவர்கள் இதைப் படிக்கிற உங்களில் யாராவது இருப்பீர்கள். அந்த அக்கா வருகிற ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்க வருகிறார். நான் என்ன சொல்லட்டும்? உங்களுக்குச் சரியென்று படுவதைத் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.